மாறிலிகளால் வரையறுத்த அலகுகளைப் பள்ளியில் காட்ட நான்கு வழிகள்: எந்தப் பள்ளிக்கு எது?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரிலும் ஆந்திரத்துச் சித்தூரிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கிலோகிராம், ஆம்பியர், கெல்வின், மோல் ஆகிய நான்கு அலகுகளும் 2019 மே 20 முதல் அடிப்படை மாறிலிகளின் எண்மதிப்பைக் கொண்டு வரையறுக்கப்படுகின்றன என்பதை ஒரு பத்தியாகப் படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. ஒரு பரிசோதனையாவது செய்து காட்ட வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஆனால் பள்ளியின் நிதியும் கல்வியாண்டின் நாட்களும் ஒன்றுக்கு மேல் இடம் தரவில்லை. பீர்மேட்டிலிருந்தும் நகரியிலிருந்தும் இதையே வேறு சொற்களில் கேட்டவர்களும் உண்டு.

அவர்கள் தயங்கி நிற்பது நான்கு வழிகளுக்கு நடுவில். ஒளியின் அதிர்வெண்ணை அதன் ஆற்றலோடு இணைக்கும் பிளாங்க் மாறிலியை எல்.இ.டி. விளக்குகளைக் கொண்டு காணும் பரிசோதனை ஒன்று; துருசுக் கரைசலில் (காப்பர் சல்பேட்) செம்பைப் படியவைத்து, ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கையான அவகாட்ரோ மாறிலிக்கு வருவது இன்னொன்று; மின்னோட்டம் தரும் விசையால் நிறையைச் சமன் செய்யும் கிபிள் தராசைச் சிறிதாகக் கைவேலையில் செய்வது மூன்றாவது; இவை எதுவும் வேண்டாம், சான்றிதழுடன் நல்ல எடைக்கற்களை வாங்கிவைத்து அளவீட்டின் கட்டுப்பாட்டைக் கற்பிப்போம் என்பது நான்காவது.

## எதைக் காட்டப்போகிறோம்

1889 முதல் 2019 வரை கிலோகிராம் என்பது, பாரிசை அடுத்த செவ்ரே ஊரில் பாதுகாக்கப்பட்ட ஓர் உலோக உருளையின் நிறையாக இருந்தது. பத்தில் ஒன்பது பங்கு பிளாட்டினமும் ஒரு பங்கு இரிடியமும் கலந்த அந்த உருளையின் உயரமும் விட்டமும் 39 மி.மீ. அதிலிருந்து சில அணுக்கள் தேய்ந்து போனாலும் வரையறைப்படி அது ஒரு கிலோகிராம்தான். உலகத்தில் உள்ள மற்ற எல்லாப் பொருள்களும் சற்றே கனமாகிவிட்டதாகக் கணக்கு எழுத வேண்டியிருக்கும். 1988 தொடங்கி 1992 வரை நடந்த ஒப்பீட்டில், மூலத்துக்கும் அதன் படிகளுக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டில் 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகல் தெரிந்தபோது, மூலம் குறைந்ததா படிகள் கூடினவா என்று சொல்ல யாரிடமும் வழி இல்லை. புதுடெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் வைத்திருக்கும் 57ஆம் எண் படியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

2018 நவம்பர் 16 அன்று வெர்சாயில் கூடிய எடைகள், அளவைகளுக்கான 26ஆவது பொது மாநாடு இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. பிளாங்க் மாறிலி 6.62607015 × 10⁻³⁴ ஜூல் நொடி, அடிப்படை மின்னூட்டம் 1.602176634 × 10⁻¹⁹ கூலும், போல்ட்ஸ்மன் மாறிலி 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின், அவகாட்ரோ மாறிலி மோலுக்கு 6.02214076 × 10²³ என்று நான்கு எண்களை மாநாடு நிலைநிறுத்தியது. ஒளியின் வேகம் 1983 முதலே நொடிக்கு 299792458 மீட்டர் என்று நிலைத்துவிட்டது. அந்த எண்களுக்கு இப்போது பிழை வரம்பு இல்லை. அவற்றிலிருந்துதான் அலகுகள் பிறக்கின்றன.

இதன் விளைவு பள்ளி ஆய்வகத்தையும் தொடுகிறது. செய்முறைக் குறிப்பேட்டில் ‘பிளாங்க் மாறிலியின் மதிப்பைக் காணல்’ என்று நோக்கம் எழுதும் பழக்கம், அந்த எண்ணை உலகின் மிகச் சிறந்த ஆய்வகங்களும் அளந்துகொண்டிருந்த காலத்துக்குப் பொருந்தும். இன்று ஒரு மாணவிக்கு 6.1 × 10⁻³⁴ என்று விடை வந்தால், அவள் கண்டுபிடித்தது மாறிலியைப் பற்றிய செய்தி அன்று. அவளுடைய வோல்ட்மீட்டரைப் பற்றியோ, அவள் நம்பி எடுத்த அலைநீளத்தைப் பற்றியோ, அவள் பயன்படுத்திய தோராயத்தைப் பற்றியோ ஒரு செய்தி. மாறிலியைக் கொடுக்கப்பட்டதாக வைத்துக்கொண்டு தன் கருவியைச் சோதிப்பதுதான் புதிய வரையறையின் திசை. பரிசோதனையை அந்தத் திசையில் திருப்பிச் செய்ய முடியுமா என்பதே என் தேர்வில் முதல் அளவுகோல்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுகிறேன்

இரண்டாவது அளவுகோல், வந்த பிழைக்குக் காரணம் சொல்ல முடியுமா என்பது. இருபது விழுக்காடு பிழை வந்தாலும், அது எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் தேடிக் காணக்கூடிய பரிசோதனை, இரண்டு விழுக்காட்டில் தற்செயலாக முடியும் பரிசோதனையைவிட மேலானது. மூன்றாவது, செலவு, கடையில் கொடுக்கும் பணத்தோடு ஆசிரியரின் மாலை நேரமும், அடுத்த ஆண்டு மீண்டும் வாங்க வேண்டிய பொருள்களும், கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் கிடைப்பதும் அதில் சேரும். நான்காவது, நம் பக்கத்து நிலைமை: மலையில் மழைக்கால ஈரப்பதம், ஏறி இறங்கும் மின்சாரம், நெடுஞ்சாலை லாரிகளும் கல்குவாரி வெடிகளும் தரும் அதிர்வு, உதிரிப் பொருள் வாங்கக் கோயம்புத்தூருக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ போக வேண்டிய தூரம். பாடத்திட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால் அதை அளவுகோலாக எடுக்கவில்லை. அலகுகளும் அளவீடும் என்ற பாடம் எங்கும் இருக்கிறது.

## முதல் வழி: எல்.இ.டி. விளக்குகள்

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கைந்து எல்.இ.டி., ஒரு 9 வோல்ட் மின்கலம், ஒரு மாறு மின்தடை, பாதுகாப்புக்கு 330 ஓம் மின்தடை, ஒரு மல்டிமீட்டர். மல்டிமீட்டர் பள்ளியில் இருந்தால் மற்றவை சில நூறு ரூபாய்க்குள் முடியும். விளக்கு எரியத் தொடங்கும் மின்னழுத்தத்தை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் ஒரு ஃபோட்டானின், அதாவது ஓர் ஒளித்துகளின், ஆற்றல் ஏறத்தாழக் கிடைக்கும். அதை ஒளியின் அதிர்வெண்ணால் வகுத்தால் பிளாங்க் மாறிலி. இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் ஆசிரியர்கள் முதலில் இதை நாடுகிறார்கள்.

சிக்கல் ‘எரியத் தொடங்கும்’ என்பதில் இருக்கிறது. 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியின் ஃபோட்டானுக்கு உரிய மின்னழுத்தம் 1.97 வோல்ட், ஆனால் இருட்டறையில் 1.6 அல்லது 1.7 வோல்ட்டிலேயே கண்ணுக்கு மங்கலான ஒளி தெரிந்துவிடும். வெளிச்சமான வகுப்பறையில் அதே விளக்கு இன்னும் உயர்ந்த மின்னழுத்தத்தில்தான் ‘தொடங்கும்’. குறைகடத்தியில் உள்ள எலக்ட்ரான்கள் அறை வெப்பத்திலிருந்து பெறும் ஆற்றலும், எல்.இ.டி. தரும் ஒளி ஒரே அலைநீளத்தில் அமையாமல் இருபது முப்பது நானோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருப்பதும் சேர்ந்து, தொடக்கம் என்ற ஒற்றைப் புள்ளியையே இல்லாமல் செய்கின்றன. எனவே ஒரு விளக்கைக் கொண்டு கிடைக்கும் விடைக்கு மதிப்புக் குறைவு. எல்லா விளக்குகளுக்கும் ஒரே சிறு மின்னோட்டம், எடுத்துக்காட்டாக 0.1 மில்லிஆம்பியர், பாயும்போது உள்ள மின்னழுத்தத்தைக் குறித்து, அதிர்வெண்ணுக்கு எதிராக வரைபடம் வரைந்து, சாய்வை எடுத்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான விலகல் பெரும்பாலும் கழிந்துவிடும்.

மறைந்திருக்கும் பெரிய செலவு அலைநீளம். கடைக்காரர் தரும் எல்.இ.டி.க்கு அலைநீளம் எழுதிய தாள் கிடைப்பதில்லை. பச்சை என்று வாங்கினால் பழைய வகையா (சுமார் 565 நா.மீ.), புதிய வகையா (சுமார் 525 நா.மீ.) என்று தெரியாது, இரண்டின் உட்பொருளும் வேறு, மின்னழுத்தமும் வேறு. வெள்ளை எல்.இ.டி. அறவே உதவாது, அது நீல விளக்கின்மேல் பூசிய ஒளிர்பொருள். இணையத்தில் பார்த்த அலைநீளத்தை எழுதி விடை கண்டால் பரிசோதனையின் பாதி கடன் வாங்கியதாகிவிடுகிறது.

ஆகையால் அலைநீளத்தையும் பிள்ளைகளே அளக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. பழைய சி.டி. ஒன்றின் மேற்பூச்சை ஒட்டுநாடாவால் உரித்தால், தடங்களுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணி கிடைத்துவிடும். விளக்கை ஒரு மீட்டர் தொலைவில், கிடையாக வைத்த அளவுகோலின் அருகே நிறுத்தி, சி.டி. துண்டின் வழியே பார்த்தால், 630 நா.மீ. சிவப்பின் பிம்பம் விளக்கிலிருந்து 43 செ.மீ. விலகியும், 470 நா.மீ. நீலத்தின் பிம்பம் 31 செ.மீ. விலகியும் தெரியும். இதைச் சேர்த்தபின் இந்தப் பரிசோதனையைத் திருப்பிச் செய்யலாம். பிளாங்க் மாறிலியை ஒளியின் வேகத்தால் பெருக்கி மின்னூட்டத்தால் வகுத்தால் வரும் 1.23984 வோல்ட் மைக்ரோமீட்டர் என்ற எண் இன்று முழுத் துல்லியமானது. அதை ஆதாரமாக வைத்து, ஒவ்வொரு விளக்கும் கோட்பாட்டுக்கு எவ்வளவு முன்னதாக எரிகிறது என்று அட்டவணை போட்டால், குறைகடத்திப் பாடத்துக்கும் அது வாசலாகும். பத்து விழுக்காட்டுக்குள் விடை வந்தால் நன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் எண்ணிக்கை மிகுந்த, நான்கைந்து குழுக்களுக்கு ஒரே நேரத்தில் வேலை கொடுக்க வேண்டிய பள்ளிக்கு இதைவிட ஏற்றது கிடையாது.

## இரண்டாவது வழி: துருசுக் கரைசலும் செம்புத் தகடுகளும்

இது நூறாண்டுக்கு மேற்பட்ட பரிசோதனை. பல பழைய ஆய்வகங்களின் அலமாரியில் செம்பு வோல்டாமீட்டர் தூசு படிந்து கிடக்கும். பழையது என்பதற்காகத் தள்ளிவிடக் கூடாது, ஏனென்றால் அலகுகளின் வரலாறே இதில் அடங்கியிருக்கிறது. 1908இல் இலண்டனில் ஏற்றுக்கொண்ட பன்னாட்டு ஆம்பியர், வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலிலிருந்து நொடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னோட்டம் என்றே வரையறுக்கப்பட்டது. 1948இல் அதை நீக்கி, இணையாகச் செல்லும் இரு கம்பிகளுக்கிடையேயான விசையை அடிப்படையாக்கினார்கள். 2019இல் அதையும் நீக்கி எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு வந்தார்கள். ஒரே அலகின் மூன்று வரையறைகளையும் ஒரு வகுப்பு நேரத்தில் பேச இந்தப் பரிசோதனை இடம் தருகிறது.

0.5 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் செலுத்தினால் 1800 கூலும் பாய்கிறது. மின்னூட்டம் நிலைத்த எண் என்பதால், பாய்ந்த எலக்ட்ரான்கள் 1.12 × 10²² என்று உடனே எழுதிவிடலாம். இரண்டு எலக்ட்ரானுக்கு ஒரு செம்பு அணு வீதம் 5.6 × 10²¹ அணுக்கள் எதிர்மின்வாயில் படிய வேண்டும். அவகாட்ரோ மாறிலியும் நிலைத்த எண். ஆகவே தகட்டின் நிறை 0.593 கிராம் கூடியிருக்க வேண்டும். இப்போது தராசில் வைத்துப் பார்க்கலாம். கணக்குக்கும் தராசுக்கும் வேறுபாடு இருந்தால் குற்றம் மாறிலிகளில் இல்லை. அம்மீட்டர், கடிகாரம், தராசு, வேதியியல் ஆகிய நான்கில் ஒன்றைத்தான் விசாரிக்க வேண்டும். மலிவான மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் எல்லை இரண்டு மூன்று விழுக்காடு விலகக்கூடியது. மில்லிகிராம் காட்டும் தராசோ 0.593 கிராமில் 0.2 விழுக்காட்டுக்குள் நிற்கும். அதாவது, தகடு சுத்தமாகப் படிந்திருந்தால், இந்தப் பரிசோதனை உங்கள் அம்மீட்டரின் பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். நான் முன்பு சொன்ன திசைமாற்றத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு பள்ளி அளவில் எனக்குத் தெரியவில்லை.

துருசுக்குக் குறைவில்லை. இடுக்கியிலும் வயநாட்டிலும் மிளகுக்கும் ஏலத்துக்கும் போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லி அடிப்பவர்கள் வாங்கும் உரக்கடையிலேயே அது கிடைக்கிறது. ஆனால் வேளாண் தரத் துருசில் கசடு இருக்கும். கரைத்து வடிகட்டி, சில துளி கந்தக அமிலம் சேர்க்காமல் பயன்படுத்த வேண்டாம். தகட்டின் பரப்பு போதாமல் மின்னோட்டம் மிகுந்தால் செம்பு கெட்டியாக ஒட்டாமல் பொடியாகப் படிந்து, கழுவும்போது உதிர்ந்துவிடும், 0.5 ஆம்பியருக்கு 25 சதுர செ.மீ.க்குக் குறையாத பரப்பு கரைசலுக்குள் இருக்கட்டும். தகட்டை நீரிலும் பின்னர் ஆல்கஹாலிலும் அலசி, தேய்க்காமல் உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் உலர்வது தாமதமாகும், ஈரத்தோடு எடை போட்டால் விடை கூடுதலாக வரும். அடுப்பில் காட்டி உலர்த்தினால் செம்பு கறுத்து ஆக்சைடாகி அதுவும் எடையைக் கூட்டும்.

உண்மையான செலவு தராசுதான். 0.01 கிராம் காட்டும் தராசு இருந்தால் பிழை வரம்பு 1.7 விழுக்காடாகி, அம்மீட்டரைக் குற்றம் சாட்டும் வலு குறைந்துவிடும். மில்லிகிராம் தராசை வாங்க முடியாத பள்ளிகள், ஊரிலுள்ள நகைக்கடையில் முன்னும் பின்னும் தகட்டை எடை போட்டுக்கொள்ளலாம். இரண்டு முறையும் அதே தராசாக இருப்பது முக்கியம். மீந்த கரைசலை ஓடையில் ஊற்றாதீர்கள், மீன்களுக்கு அது நஞ்சு. இரும்பு ஆணிகளைப் போட்டு வைத்தால் செம்பு பிரிந்து படியும். அதுவும் ஒரு பாடம்.

இதன் குறை, கிலோகிராமின் வரையறையை இது நேரடியாகத் தொடுவதில்லை. ஆம்பியரையும் மோலையும் காட்டும். பிளாங்க் மாறிலி இங்கே வருவதே இல்லை. பெரிய ஆய்வகங்களும் ஆம்பியரை இப்படி உருவாக்குவதில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

## மூன்றாவது வழி: சிறிய கிபிள் தராசு

பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பிரையன் கிபிள் 1975இல் முன்மொழிந்த தராசு இது. 2016இல் அவர் மறைந்தபின் அவர் பெயரையே பெற்றது. ஒரு தட்டில் நிறை. மறுபுறம் காந்தப்புலத்தில் தொங்கும் கம்பிச்சுருள். முதலில் எடை போடும் நிலை: சுருளில் மின்னோட்டம் செலுத்தி, அதன் விசையால் நிறையைச் சமன் செய்து, மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்வது. அடுத்தது நகரும் நிலை: நிறையை எடுத்துவிட்டு, சுருளைச் சீரான வேகத்தில் அசைத்து, அதில் தூண்டப்படும் மின்னழுத்தத்தை அளப்பது. காந்தப்புலத்தின் வலிமையும் கம்பியின் நீளமும் இரண்டு நிலைகளிலும் ஒரே மாதிரி வருவதால், அவற்றை அளக்காமலே கழித்துவிடலாம். எஞ்சுவது ஒரே சமன்பாடு: மின்னழுத்தம் × மின்னோட்டம் = நிறை × ஈர்ப்பு முடுக்கம் × வேகம். அளக்கக் கடினமானதை அளக்காமல் தப்பிக்கும் இந்தத் தந்திரத்தின் அழகுக்காகவே இதைக் கட்டிப்பார்க்க வேண்டும் என்று தோன்றும்.

பிளாங்க் மாறிலி எங்கே நுழைகிறது என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பெரிய ஆய்வகத்தில் மின்னழுத்தத்தை ஜோசப்சன் விளைவாலும் மின்தடையைக் குவாண்டம் ஹால் விளைவாலும், இரண்டு குவாண்டம் நிகழ்வுகளைக் கொண்டு, அளக்கிறார்கள். முதலாவதில் பிளாங்க் மாறிலியும் மின்னூட்டமும் விகிதமாக வருகின்றன, இரண்டாவதில் பிளாங்க் மாறிலியும் மின்னூட்டத்தின் இருமடியும் வருகின்றன. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கும்போது மின்னூட்டம் கழிந்து பிளாங்க் மாறிலி மட்டும் நிற்கிறது. பள்ளியில் மல்டிமீட்டர்தான் இருக்கும். ஆனால் அந்த மல்டிமீட்டரைச் சரிபார்த்த கருவி, அதைச் சரிபார்த்த கருவி என்று பின்னோக்கிப் போனால் சங்கிலி ஒரு ஜோசப்சன் கருவியில் முடியும். ஆகவே பள்ளியின் கிபிள் தராசு பிளாங்க் மாறிலியிலிருந்து நிறையை எடுக்கிறது என்பது பொய்யில்லை, சங்கிலி நீளம் என்பதுதான். எடைக்கல் எதையும் வைத்துச் சரிபார்க்காமல், ஒரு பொருளின் நிறையைச் சொல்லிவிடும் தராசு என்ற வகையில், 2019இன் மாற்றத்தை முழுமையாகக் காட்டுவது நான்கில் இது ஒன்றுதான்.

அமெரிக்காவின் தர, தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் லெகோ கட்டைகளைக் கொண்டே இதைச் செய்து, சில கிராம் நிறைகளை ஒரு விழுக்காட்டுத் துல்லியத்தில் அளந்து, 2015இல் வடிவமைப்பை வெளியிட்டார்கள். லெகோ நமக்கு விலை அதிகம், மரச்சட்டம் போதும். எண்களைப் பாருங்கள்: 10 கிராம் நிறை 0.0978 நியூட்டன் விசை தரும். புலத்தையும் கம்பி நீளத்தையும் பெருக்கி வரும் மதிப்பு 5 டெஸ்லா மீட்டர் என்றால், சமன் செய்ய 19.6 மில்லிஆம்பியர் வேண்டும். சுருளை நொடிக்கு 2 மி.மீ. வேகத்தில் அசைத்தால் கிடைப்பது 10 மில்லிவோல்ட். சாதாரண மல்டிமீட்டரின் கடைசி இலக்கம் 0.1 மில்லிவோல்ட் என்பதால், அங்கேயே ஒரு விழுக்காடு போய்விடுகிறது. வேகத்தை அளக்க லேசர் சுட்டியும் ஒளி உணரியும், பதிவு செய்ய ஆர்டுயினோ போன்ற, நிரலால் இயங்கும் சிறு மின்னணுப் பலகையும், அதற்கு நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும் தேவை.

மறைந்த செலவுகள் இங்கே வரிசைகட்டி நிற்கின்றன. சுருள் நேராக ஏறி இறங்காமல் சற்றே சாய்ந்தாலும் சமன்பாட்டின் இருபுறமும் ஒத்துவராது. அதைச் சரிசெய்வதில் மாலைகள் கரையும். வாளையாறு நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளியில் ஒவ்வொரு லாரிக்கும் மில்லிவோல்ட் துள்ளும். குப்பம் பக்கம் கல்குவாரி வெடிக்கும் நேரத்தில் அளக்கவே முடியாது. காலை முதல் மணிக்கு முன்போ, ஞாயிற்றுக்கிழமையோதான் நல்ல எண்கள் வரும். கட்டிய ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருபவருக்கு அது விளங்காத மரச்சட்டமாகிவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஈர்ப்பு முடுக்கம் தனியாகப் பேசத்தக்கது. பாடநூலில் உள்ள 9.8 அல்லது 9.81ஐ அப்படியே போடக் கூடாது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நம் பக்கத்தில் அது 9.78, இரண்டு சித்தூர்களிலும் இரண்டு தசம இடங்களுக்கு இதே எண்தான். 9.81 போட்டால் 0.3 விழுக்காடு தவறு பரிசோதனை தொடங்குமுன்பே நுழைந்துவிடும். மலையேறினால் இன்னும் குறையும். போடியில் சரிசெய்த மின்னணுத் தராசை ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் ஏற்றி ஏலத்தோட்டத்துக்குக் கொண்டுபோனால், 50 கிலோ மூட்டைக்குப் பத்து கிராம் அளவில் அது குறைத்துக் காட்டும், ஏனென்றால் அது அளப்பது விசையை. எடைக்கல் வைத்த துலாத்தட்டுத் தராசுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஏலக்காய் வணிகர் ஒருவருடைய பிள்ளை வகுப்பில் இருந்தால் இந்தப் பகுதிக்கே ஒரு மணி நேரம் போதாது. கிலோகிராமின் வரையறை மாறியதால் வீட்டுத் தராசை மாற்ற வேண்டுமா என்று கேட்டுவரும் வணிகர்களுக்கு விடை: வேண்டாம். புதிய கிலோகிராம் பழையதோடு ஒட்டிப் பொருந்துமாறுதான் எண் தேர்ந்தெடுக்கப்பட்டது. காலமுறைப்படி முத்திரை வைத்துக்கொண்டால் போதும்.

## நான்காவது வழி: சான்றிதழ் பெற்ற எடைக்கற்கள்

இதைக் குறுகச் சொல்லலாம். எடைக்கற்களைத் துல்லியத்தைக் கொண்டு வகுப்புகளாகப் பிரிப்பார்கள்: எஃப்1 வகுப்பு எடைக்கல்லில் ஒரு கிலோவுக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் 5 மில்லிகிராம், எம்1 வகுப்பில் 50 மில்லிகிராம். பள்ளிக்கு எம்1 தாராளம். பெட்டியோடு இடுக்கி கொடுப்பார்கள்; கையால் தொட்டால் விரல் ஈரமும் எண்ணெயும் ஒட்டும், மலைப்பகுதிகளில் மூடிவைக்காவிட்டால் பூஞ்சையும் பிடிக்கும். மறைந்த செலவு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி மறுசான்று வாங்குவது. அதைச் செய்யாவிட்டால் சான்றிதழ் வெறும் காகிதம்.

இது 2019க்கு முந்தைய உலகத்தைக் காட்டுவதாகத் தோன்றினாலும் முழுக்க அப்படியில்லை. கிபிள் தராசாலும், ஒரு கிலோ எடையுள்ள சிலிக்கான்-28 உருண்டையிலுள்ள அணுக்களை எண்ணும் முறையாலும் பல நாட்டு ஆய்வகங்கள் தனித்தனியே உருவாக்கும் கிலோகிராம்கள் தம்முள் போதிய அளவு ஒத்துவராததால், அவற்றிலிருந்து ஓர் ஒப்புக்கொண்ட மதிப்பைக் கணக்கிட்டு, 20 மைக்ரோகிராம் பிழை வரம்புடன், 2021 பிப்ரவரி முதல் பயன்படுத்துகிறார்கள். வரையறை மாறிலிக்குப் போய்விட்டது. அதைக் கடைவரை கொண்டுசேர்க்கும் வேலையை இன்றும் உலோகக் கட்டிகள்தான் செய்கின்றன. ஆனால் பரிசோதனை என்று பார்த்தால், இதில் மாணவர் செய்வதற்கு அதிகம் இல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | எல்.இ.டி. | செம்பு | கிபிள் தராசு | எடைக்கற்கள் |
|---|---|---|---|---|
| தொடும் அலகு | மறைமுகமாகக் கிலோகிராம் | ஆம்பியர், மோல் | கிலோகிராம் | கிலோகிராம் (அதன் வரையறையை அல்ல) |
| திசையைத் திருப்ப முடியுமா | அலைநீளத்தை அளந்தால் மட்டும் | முடியும் | அதுவே அதன் வேலை | முடியாது |
| எதிர்பார்க்கும் பிழை | 10% அளவு | 0.5–3%, தராசைப் பொறுத்து | கவனத்தோடு 1–3%, இல்லையேல் எதுவும் | மிகக் குறைவு |
| பெரிய மறைசெலவு | அலைநீளம் | மில்லிகிராம் தராசு | ஆசிரியரின் நேரம் | மறுசான்று |
| மழைக்காலம் | பாதிப்பில்லை | உலர்த்தல் தாமதம் | ஈரமான மரச்சட்டம் வளையும் | மூடி வைக்க வேண்டும் |

## எந்தப் பள்ளிக்கு எது

ஒரே ஒரு பரிசோதனை என்றால், பெரும்பாலான பள்ளிகளுக்கு நான் செம்பைத்தான் சொல்வேன். பிளாங்க் மாறிலியின் பெயர் இல்லை என்பது குறையே. ஆனால் நிலைத்த எண்ணை நம்பிக் கருவியைச் சந்தேகிக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வருவது இதில்தான் உறுதி. உயர்நிலைப் பள்ளி மாணவருக்கே விளங்கும் கணக்கு, நகைக்கடையும் உரக்கடையும் உள்ள எந்த ஊரிலும் செய்யக்கூடியது.

வேதியியல் ஆய்வகமோ தராசோ இல்லாத, ஆனால் மாணவர் மிகுந்த பள்ளி எல்.இ.டி. பக்கம் போகலாம், சி.டி. கொண்டு அலைநீளம் அளக்க நேரம் ஒதுக்க முடியாவிட்டால் அதையும் தொடங்க வேண்டாம். கிபிள் தராசு, தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது ஒரே ஆசிரியர் இருக்கப்போகிற, கைவேலையில் விருப்பமுள்ள மாணவர் குழு ஒன்று ஏற்கெனவே இயங்கும் பள்ளிக்கு மட்டும். அப்படிப்பட்ட பள்ளிக்கு வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எடைக்கற்கள், சரிபார்க்க நம்பிக்கையான ஒன்றுகூட இல்லாத ஆய்வகத்துக்கு முதல் தேவை. ஆனால் அங்கும் பெட்டி முழுவதும் வேண்டியதில்லை, ஒரே ஒரு 100 கிராம் எம்1 கல் வாங்கிவிட்டு மீதிப் பணத்தைச் செம்புத் தகட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொதுத்தேர்வுச் செய்முறையில் இன்னும் ‘மாறிலியைக் காண்க’ என்றே கேள்வி வரும் இடங்களில், குறிப்பேட்டில் தேர்வாளர் எதிர்பார்க்கும் விடையை முதல் வரியில் எழுதச் செய்யுங்கள். அதன் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம்: ‘நிலைநிறுத்தப்பட்ட மதிப்பைக் கொண்டு பார்த்தால், இந்த அம்மீட்டர் 0.5 ஆம்பியரில் இத்தனை விழுக்காடு கூடுதலாகக் காட்டுகிறது.’ அந்த எண்ணை அம்மீட்டரின் முதுகில் ஒரு துண்டுத் தாளில் எழுதி, நாள் குறித்து ஒட்டிவிட்டால், அடுத்த ஆண்டு வருபவர்கள் அதைத் திருத்தமாகப் பயன்படுத்திக்கொள்வார்கள்.